பதினாலாவது வரிசைப் பழங்கள்

அந்தக் குடைமிளகாய்ப் பசுமைக்குடிலில் வேலை பார்த்த நாற்பது பேருக்கும் ரேடியோவைத் தெரியும். பார்த்துத் தெரிந்துகொண்டதைவிடக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். செடிகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஆள் உயரத்துக்கு ஏறி நிற்கிற இடம் அது. பக்கத்து வரிசையில் நிற்பது மாமியாரா மருமகளா என்றுகூடத் தெரியாது, இலை அப்படி அடைத்திருக்கும். ஆனால் பதினாலாவது வரிசையில் யார் என்பது மட்டும் வாசலில் ரப்பர் பூட்ஸை மாட்டும்போதே தெரிந்துவிடும். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அந்தப் பெண்ணின் வாய் மூடாது. அதனால்தான் ரேடியோ என்று பெயர். அவள் புருஷனுக்குப் பெயர் பூனை. அவன் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. அவன் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும் என்பார்கள்.

"பாவம்யா அந்த மனுஷன். காதுல பஞ்சாவது வச்சுக்கக் கூடாதா?" என்று பக்கத்து வரிசைக்காரர்கள் கேலி செய்வார்கள். பூனை சிரித்துக்கொண்டே கத்தியைத் துடைப்பான். அவ்வளவுதான்.

சிரிக்கிறவர்களுக்கு உள்விவகாரம் என்ன தெரியும்? ரேடியோ பிறவியிலேயே பேச்சுக்காரி இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில், இருக்கிறாளா இல்லையா என்று எட்டிப் பார்க்க வேண்டிய அளவுக்கு அமைதியான பெண். அந்த வாயைத் திறக்க வைத்தது இந்தக் குடைமிளகாய்தான்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நாளில் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். அலுவலகத்தில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். பெயர், வயது, முதுகுவலி உண்டா, நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியுமா. பூனை எல்லாவற்றுக்கும் உள்ளபடி எழுதினான். நிறம் தெரியும் என்றும் எழுதினான். பொய் சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை, ஐயோ, அந்த மனிதனுக்கே அது அன்றைக்குத் தெரியாது.

முதல் வரிசையிலேயே குட்டு வெளிப்பட்டது. வரிசைக்குள் நகர்த்திக்கொண்டு போகும் உயரமான வண்டியில் இருவரும் ஏறி நிற்க, அவன் வெட்ட, அவள் வாங்கிப் பெட்டியில் அடுக்க வேண்டும். அவன் முதலில் கை வைத்ததே ஒரு பச்சைக் காயில்.

"அது பச்சைங்க," என்றாள்.

"இது?"

"அதுவும் பச்சைதான்."

"அப்ப இது?"

"அது சிவப்பு."

அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?" என்றான். அவள் முதலில் விளையாடுகிறான் என்றே நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பச்சை, சிவப்பு என்று ஊரே பேசிக்கொள்கிறதே, அதெல்லாம் கொஞ்சம் மிகைப்படுத்திப் பேசுவது என்றுதான் அவன் இத்தனை வயதுவரை நினைத்திருந்தானாம். அவன் கண்ணுக்கு இரண்டும் ஒரே களிமண் நிறம்.

அலுவலகத்தில் உண்மையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்தான். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் பச்சையைச் சேர்த்து வெட்டிய ஒருவரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். வேலை போனால் குடிலுக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பும் போய்விடும், பத்து நாளில் காலி செய்ய வேண்டும். இரண்டு அறை, ஒரு சமையலறை, தண்ணீர் எந்நேரமும் வரும் குழாய். அதற்கு முன்னால் அவர்கள் இருந்த இடத்தை இடம் என்றே சொல்ல முடியாது. அவள் அங்கே திரும்பப் போகத் தயாராக இல்லை.

அதனால் அன்றைக்கே பேச ஆரம்பித்தாள். பேச்சுக்கு நடுவே "ம்" என்று வந்தால் வெட்டலாம். "அட விடுங்க" என்று வந்தால் அந்தக் காயைத் தொடக் கூடாது. வெறுமனே 'ம், ம்' என்று சொல்லிக்கொண்டிருந்தால் ஊர் சந்தேகப்படும் அல்லவா? அதனால் அதைச் சுற்றி ஒரு பேச்சு வேண்டியிருந்தது.

"நேத்து அந்தப் பால்காரர்கிட்ட கேட்டேன், ம், என்னங்க பால்ல இவ்வளவு தண்ணின்னு, ம், அவரு சொல்றாரு பால்ல நான் தண்ணியே ஊத்த மாட்டேன்மா, ம், தண்ணியிலதான் பால ஊத்துவேன்னு, அட விடுங்க, சிரிக்கறதா அழுவறதா, ம்..."

ஆறு வருஷம். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் பழம் என்று வைத்துக்கொண்டால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தொண்டை கட்டினால் மிளகு போட்டு வெந்நீர் குடித்துவிட்டு வந்து பேசினாள். காய்ச்சல் வந்தாலும் பேசினாள். அவனுடைய கண் என்பது தன் தொண்டையில்தான் இருக்கிறது என்று அவளுக்கு ஒரு பெருமையும் உண்டு, வெளியே சொல்லிக்கொள்ள முடியாத பெருமை.

ஒரே ஒரு வருத்தம்தான். அந்த நிறம் மாறுகிற அதிசயத்தை அவனுக்குக் காட்ட முடியவில்லை. காய் முழு அளவுக்கு வளர்ந்த பிறகும் மூன்று வாரம் பச்சையாகவே சும்மா தொங்கும். பார்த்தால் இதற்குமேல் இதில் நடக்க ஒன்றும் இல்லை என்று தோன்றும். பிறகு ஒரு நாள் காம்பை ஒட்டிய தோளில் ஒரு பழுப்புத் தீற்றல். மறுநாள் அது விரியும். நாலைந்து நாளில், யாரும் தொடாமல், யாரும் எதையும் பூசாமல், அடியிலிருந்து காம்புவரை சிவந்து நிற்கும். ஒவ்வொரு பருவமும் முதல் சிவப்பைப் பார்க்கும்போது அவளுக்கு மயிர்க்கூச்செறியும். "அடேயப்பா!" என்று வாய்விட்டே சொல்வாள்.

"அப்படி என்னதான் இருக்கு அதுல?" என்று அவன் கேட்பான்.

அவளும் சொல்லிப் பார்த்தாள். அடுப்பு மாதிரி என்றாள், கோபம் மாதிரி என்றாள், நல்ல சேதி வந்த மாதிரி என்றாள். எதுவும் சரிப்படவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ரேடியோவுக்கே வார்த்தை கிடைக்காது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் குளியலறைச் சோப்பு வந்து விழுந்தது. வழுக்கி விழுந்ததில் அவளுடைய கணுக்கால் எலும்பு முறிந்தது. முழங்கால்வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் அவள் அழுதாள். வலி தாங்காமல் அழுகிறாள் என்று நர்ஸ் இன்னொரு மாத்திரை கொடுத்தாள்.

நேரமும் பார்த்து வந்தது. பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிற குடைமிளகாயைப் பாட்டிலில் அடைத்து விற்கும் தொழிற்சாலைக்கு அந்த வாரம்தான் சரக்குப் போக வேண்டும். அவர்கள் பழத்தை நெருப்பில் கருகச் சுட்டு, தோலை உரித்து, எண்ணெயில் ஊறப் போட்டு அடைப்பார்கள். முழுச் சிவப்பு மட்டும்தான் வாங்குவார்கள். நடுவில் நாலு பச்சை சேர்ந்துவிட்டால் அந்தக் கொப்பரை முழுக்கக் கசந்துபோகும். பறிப்பு உச்சத்தில் இருந்ததால் ஜோடி சேர்க்க ஆளில்லை. "நீ தனியாவே வெட்டு தம்பி," என்று சூப்பர்வைசரம்மா பூனையிடம் சொல்லிவிட்டார்.

மத்தியானமே ரேடியோவுக்குப் போனில் சேதி வந்தது. ஆனால் அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கிற ரகமா அவள்? சாயங்காலம் அவன் வருவதற்குள் வழி கண்டுபிடித்துவிட்டாள். சட்டைப் பையில் போன். கேமரா மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். ஒரு காதில் இயர்போன், அதன்மேல் தொப்பி. பாட்டுக் கேட்டுக்கொண்டு வேலை செய்கிறவர்கள் பத்துப் பேர் இருக்கிறார்கள், யார் கேட்கப்போகிறார்கள்? சமையலறை மேடையில் மூன்று குடைமிளகாயை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். அவள் படுக்கையறையிலிருந்து போனில் பார்த்து "ம்" என்றாள். அவன் சரியாக எடுத்தான்.

"என் பையில உன்னப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போறேன்," என்றான் அவன். அன்றைக்கு மழை வந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் காலுக்கடியில் இரண்டு தலையணை, தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த போன், பக்கத்தில் மாத்திரை என்று எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு அவள் ஒலிபரப்பைத் தொடங்கினாள். படம் கொஞ்சம் ஆடினாலும் நிறம் தெரிந்தது. முதல் பெட்டி நிறைந்தது. இரண்டாவது நிறைந்தது. கால் விண்விண் என்று தெறித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். மூன்றாவது பெட்டி நிறையும்போது வலி பொறுக்க முடியாமல் மாத்திரையைப் போட்டுக்கொண்டாள்.

அந்த மாத்திரை தூக்கத்தையும் கூடவே கொண்டு வரும் என்பதை எந்தப் புண்ணியவானும் அவளிடம் சொல்லவில்லை.

விழித்தபோது ஜன்னல் வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்திருந்தது. முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. பதறிப்போய்ப் போனைப் பார்த்தாள். திரையில் செடி இல்லை, பழம் இல்லை. திரை முழுக்க இரண்டு தடிமனான மூக்குக் கண்ணாடி வில்லைகள் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் சூப்பர்வைசரம்மா இருந்தார்.

"நல்ல தூக்கமா?" என்றார்.

ரேடியோ எழுந்து உட்கார முயன்றாள். கட்டு விடவில்லை.

"இயர்போன் வயரு கயித்துல மாட்டிப் பிடுங்கிக்கிச்சு. பதினாலாவது வரிசையில யாரோ குறட்டை விடறாங்கன்னு நாலு பேரு ஓடி வந்து சொன்னாங்க. வந்து பாத்தா உன் புருஷன் பாட்டுக்கு வெட்டிக்கிட்டு நிக்கிறான், நீ அவன் பையில குறட்டை விட்டுக்கிட்டு இருக்க." சூப்பர்வைசரம்மா சிரிக்கவில்லை. "பொண்டாட்டிகிட்ட பேசணும்னா கேமரா மூஞ்சியப் பாத்து இருக்கணும். இது காயைப் பாத்து இருக்கு. எதுக்கு?"

ரேடியோ போனைக் கவிழ்த்துப் போடக் கை நீட்டினாள்.

"சரி. எதுக்குன்னு எனக்குப் புரிஞ்சிடுச்சு," என்றார் அந்த அம்மா. திரை இருண்டது.

எவ்வளவு நேரம் தூங்கினோம்? இரண்டரை மணி நேரம். இரண்டரை மணி நேரத்தில் அந்த மனிதன் எத்தனை பெட்டி வெட்டியிருப்பான்? எத்தனை பச்சை அதில்? ஏன் எழுப்பவில்லை? ஒரு சத்தம் கொடுத்திருந்தால் எழுந்திருக்க மாட்டேனா? அவளுக்குக் கையும் ஓடவில்லை, ஓடுவதற்குக் காலும் இல்லை. ஊன்றுகோல்கள் இரண்டையும் அக்குளில் கொடுத்துக்கொண்டு, நைட்டிமேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, கதவைக்கூடப் பூட்டாமல் கிளம்பினாள். குடியிருப்பிலிருந்து தண்ணீர்த் தொட்டி, தொட்டியிலிருந்து பாய்லர் அறை, அதைத் தாண்டிச் சரக்குப் பிரிக்கும் கூடம். நல்ல காலில் மூன்று நிமிஷம். அன்றைக்கு அவளுக்கு அது முடிவதாகவே இல்லை.

கூடத்தின் நீளமான மேஜையில் பதினாலாவது வரிசைச் சரக்கைக் கொட்டியிருந்தார்கள். அட்டையில் '14' என்று எழுதிய காலிப் பெட்டிகள் கீழே கிடந்தன. எண்ணினாள். பதினொன்று. அவள் விழித்திருந்து வெட்டச் சொன்னது மூன்று. மிச்சம் எட்டுப் பெட்டி அவள் குறட்டையில் வெட்டியது.

அவள் மேஜையைப் பார்க்கவே பயந்தாள். பிறகு பார்த்தாள்.

மேஜை முழுக்க ஒரே சிவப்பு. ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் புரட்டினாள். முதுகைப் பார்த்தாள், காம்புக் குழியைப் பார்த்தாள், இலைக்கு அடியில் மறைந்திருக்கும் பக்கம் பச்சையாக நின்றுவிடுமே, அதைப் பார்த்தாள். ஐம்பது புரட்டினாள், நூறு புரட்டினாள். ஒரு பழுப்புத் தீற்றல்கூட இல்லை. மேலே விளக்கு வெளிச்சத்தில் தோல் எல்லாம் பளபளவென்று, உள்ளே எதையோ கொளுத்தி வைத்ததுபோல் இருந்தது. பிரிக்கிற பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் பிரிக்க அதில் ஒன்றுமே இல்லை.

"கழிவே இல்ல அக்கா," என்றாள் ஒருத்தி. குரலில் கொஞ்சம் பயம்கூட இருந்தது. "ஒண்ணுகூட இல்ல."

"சூப்பர்வைசரம்மா எங்க?"

"நம்ப மாட்டேன்னுட்டாங்க. நீ தூங்கறதுக்கு முன்னாடியே போன்ல சொல்லிச் சொல்லி வெட்ட வச்சதுன்னு சொல்றாங்க. இப்ப கண்ணு முன்னாடி வெட்டச் சொல்லியிருக்காங்க. பத்துப் பழம். ஒண்ணு பச்சை வந்தாலும் இன்னிக்கே கணக்க முடிச்சிடறேன்னு."

பதினாலாவது வரிசை வாயில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் வழி விட்டார்கள். வரிசைக்குள் வண்டியில் பூனை நின்றிருந்தான். கீழே சூப்பர்வைசரம்மா, கையில் அவனுடைய போன், அணைத்து வைத்தது. பயந்த ஆள் மாதிரியே அவன் தெரியவில்லை. கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ரேடியோவுக்கு மூளை வேகமாக ஓடியது. போனைத்தானே பிடுங்கினார்கள்? நாக்கைப் பிடுங்கவில்லையே? ஆறு வருஷமாக அவள் பேச்சில் வரும் 'ம்' எதற்கு என்று இந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. வழக்கம்போல் வளவளவென்று பேசினால் போதும். இங்கிருந்தே அவளுக்கு எல்லாம் தெரிகிறது. பத்துப் பழம், பத்து 'ம்'. வீடு தப்பிவிடும்.

"ஏங்க," என்று ஆரம்பித்தாள், "வீட்டுக் கதவ நான் பூட்டாமயே..."

"வேண்டாம்," என்றான் அவன். திரும்பிப் பார்க்கவில்லை. குரலில் கோபமும் இல்லை. "இன்னிக்கு நீ சும்மா இரு."

ஆறு வருஷத்தில் அவன் அவளைப் பேசாதே என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் வாயை மூடினாள். வாயை மூடுவது இவ்வளவு பெரிய வேலை என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

வலது கை இலைகளுக்குள் போனது. ஒரு காயின் தோளைத் தொட்டது. கட்டை விரல் காம்புப் பக்கம் ஒரு தடவை அழுத்தியது. முகத்தைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்து மூச்சை இழுத்தான், நிறுத்தினான். கத்தி காம்பில் பட்டது. சிவப்பு. அடுத்தது, தொட்டான், விட்டான். அதற்கடுத்தது, முகர்ந்தான், வெட்டினான். சிவப்பு. அவசரமே இல்லை. மூன்று, நான்கு, ஐந்து. 

ஏழாவதுக்குக் கையை நீட்டினான். அவன் கை போய் நின்றது ஒரு பெரிய பச்சைக் காயில். நன்றாகத் தெரிந்தது அவளுக்கு. அவன் தோளைத் தடவினான். அட விடுங்க, அட விடுங்க! உள்ளுக்குள் கத்தினாள். துண்டின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். கட்டை விரல் அழுத்தியது. அவன் முகத்தைக் கிட்டே கொண்டுபோனான். கத்தியை உயர்த்தினான். பிறகு கத்தியைத் தாழ்த்தி, அந்தக் காயை ஒரு குழந்தையின் கன்னத்தைத் தட்டுவதுபோல் தட்டிவிட்டு நகர்ந்தான்.

பத்தும் சிவப்பு.

யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். சூப்பர்வைசரம்மா கையை உயர்த்தி நிறுத்தினார். அவருக்கு எளிதில் மனசு இளகாது. இருபத்திரண்டு வருஷம் சரக்கு பார்த்துக் கையெழுத்துப் போட்டவர். "மூக்குக்கு நேரா தொங்கிக்கிட்டு இருக்கே ஒண்ணு, அத ஏன் விட்ட?" என்று கேட்டார். உண்மைதான். அவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் ஒரு பழம் எரிந்துகொண்டிருந்தது. எல்லாப் பக்கமும் முழுச் சிவப்பு.

அவன் கண்ணைத் திறக்காமலே கை நீட்டி அதைத் தொட்டான். முகர்ந்தான். "இது இன்னும் ஆகலைங்க."

"முழுச் சிவப்பு தம்பி அது."

"நெறம் எனக்குத் தெரியாதுங்கம்மா," என்றான் பூனை. எல்லோர் முன்னாலும், சாதாரணமாக. "நான் பொறந்ததுல இருந்தே தெரியாது. ஆனா இதுக்கு இன்னும் நாலு நாள் வேணும்."

அவ்வளவுதான், போச்சு என்று ரேடியோ நினைத்தாள். வாயாலேயே சொல்லிவிட்டான்.

சூப்பர்வைசரம்மா அவன் கையிலிருந்து கத்தியை வாங்கினார். வண்டியில் ஏறி அந்தப் பழத்தை அவரே வெட்டிக்கொண்டு இறங்கினார். அவன் வெட்டிய பத்தில் ஒன்றையும் எடுத்தார். இரண்டையும் பிளந்து வைத்தார். உள்ளேயும் இரண்டும் ஒரே சிவப்பு. தான் வெட்டியதில் ஒரு கீற்றைக் கடித்து மென்றார். பிறகு அவன் வெட்டியதில் ஒரு கீற்று. மெல்லுவது பாதியில் நின்றது. கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி முதலாவதைக் கடித்தார், மறுபடி இரண்டாவதைக் கடித்தார். மிச்சத் துண்டுகளை ரேடியோவிடம் நீட்டினார்.

முதல் துண்டில் வெறும் தண்ணீரும், ஓரத்தில் பச்சைப் பட்டாணித் தோலைக் கடித்தாற்போன்ற ஒரு காட்டமும் இருந்தன. இரண்டாவது துண்டைக் கடித்ததும் வாய் முழுக்கத் தித்திப்பு பரவியது. அதோடு ஒரு வாசனை மூக்குக்குள் ஏறியது. பழத்துக்கு உள்ளேயிருந்து வெயில் வருகிறது என்றால் நம்புவீர்களா? அவள் நம்பினாள். ஆறு வருஷமாக லட்சக் கணக்கில் 'ம்' சொல்லியிருக்கிறாள். அதில் எத்தனை இந்த முதல் துண்டு மாதிரியோ! சிவப்பைப் பார்த்துவிட்டோம், பழுத்ததைப் பார்த்துவிட்டோம் என்றே இருந்துவிட்டாளே. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. வண்டியில் நிற்கிற அந்த ஒல்லி மனிதனை அண்ணாந்து பார்த்தாள். அவள் தினமும் சோறு போட்டு, சட்டை துவைத்து, காய்ச்சலுக்குப் பற்றுப் போட்ட ஆள். யாரோ புது ஆளைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

சூப்பர்வைசரம்மா கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

"அந்தத் தாள்ல நெறம் தெரியுமான்னு ஒரு கேள்வி இருக்கு. தெரியும்னு எழுதியிருக்க. அது பொய்."

"ஆமாங்க," என்றான் அவன்.

"நாளைக்கு வேற தாள் கொண்டுவந்து தர்றேன். அதுல பழுத்தது தெரியுமான்னு கேட்டிருப்பேன். அதுக்காவது உண்மைய எழுது." போனை ரேடியோவின் கையில் வைத்தார். "கத்தியப் பிடிக்கற கையோட இனிமே இது வேண்டாம். கயித்துல சிக்கி விரலை வெட்டிக்கப் போறான்." கூட்டத்தைப் பார்த்து, "என்ன வேடிக்கை? அவங்கவங்க வரிசை காத்துக்கிட்டு இருக்கு," என்று அதட்டிவிட்டு, அவன் வெட்டிய பழங்களில் இன்னொன்றை எடுத்துக்கொண்டு போனார்.

இருவரும் தனியாக நின்றார்கள். அவன் வண்டியிலிருந்து இறங்கி ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அவளை உட்கார வைத்தான். கட்டுப் போட்ட காலை இன்னொரு பெட்டியில் தூக்கி வைத்தான்.

"எப்பத்துல இருந்து?" என்று கேட்டாள். 

"சரியாத் தெரியல. மூணாவது வருஷம் இருக்கும்." அவன் கீழே பார்த்துக்கொண்டே சொன்னான். "பச்சைக்கு ஒரு வாசம் இருக்கு. பட்டாணி உரிச்ச கையில வருமே, அது. நாள் ஆக ஆக அது குறைஞ்சுக்கிட்டே வரும். அது மொத்தமாப் போனப்புறம், ஒரு நாள் காலையில வேற ஒண்ணு வந்து உக்காந்திருக்கும். எங்க இருந்து வருதுன்னே தெரியாது. அதுக்கு என்ன பேருன்னும் எனக்குத் தெரியல. நீ சிவப்பு சிவப்புன்னு சொல்லுவியே, அது இதுவாத்தான் இருக்கும்னு நெனச்சுக்குவேன்."

அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. அதோடு கோபமும் வந்தது, நியாயமான கோபம்.

"மூணு வருஷமா! தொண்டை கிழியக் கிழியப் பேசிக்கிட்டு இருக்கேன், ஊரே என்னப் பாத்து சிரிக்குது, எனக்குத் தெரியும் நீ பேசாம வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? அப்படி என்ன மனுஷன் நீங்க?"

அவன் ஒரு இலையைக் கிள்ளி, விரலில் உருட்டி, கீழே போட்டான்.

"சொன்னா நீ பேசறத நிறுத்திடுவியேன்னுதான்," என்றான்.

அவள் அழுதாள். துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க அழுதாள். அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தான், என்ன செய்வதென்று தெரியாமல் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு. அழுது முடித்து மூக்கைத் துடைத்தபோது, "வீட்டுக்குக் கொண்டுபோய் விடட்டுமா?" என்று கேட்டான்.

"வேண்டாம். இங்கயே உக்காந்திருக்கேன். நீங்க வெட்டுங்க."

அவன் வண்டியில் ஏறினான். கண்ணை மூடினான். வரிசைக்குள் கத்தி காம்பில் படும் சத்தமும், பழம் பெட்டியில் இறங்கும் சத்தமும் மட்டும் கேட்டன. பக்கத்து வரிசைகளில் யாரும் பேசவில்லை, ரேடியோ ஓடவில்லையே என்று காது கொடுத்திருந்தார்கள் போலிருக்கிறது.

"ஏதாவது பேசேன்," என்றான் அவன்.

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. ஆறு வருஷமாக எதை எதையோ பேசியிருக்கிறாள், எல்லாம் பழத்துக்காகப் பேசியது. இனி பழத்துக்கு அவள் பேச்சு தேவையில்லை. இவனுக்காக என்று எதைப் பேசுவது? புதுப் பெண்டாட்டிபோல் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"என்ன பேசறது?"

"எதையாவது."

யோசித்துப் பார்த்தாள். அப்போதைக்கு அவள் மனசில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"கட்டுக்குள்ள கால் பயங்கரமா அரிக்குதுங்க," என்று ஆரம்பித்தாள்.